பியாந்தோ திருநாள்

பாண்டிச்சேரி, ஆகஸ்ட் 2004

அன்புள்ள அப்பா,

நேற்று பிரெஞ்சு வகுப்பில் 'அ பியாந்தோ' என்றால் 'சீக்கிரமே பார்ப்போம்' என்று டீச்சர் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பாரிசிலிருந்து நீங்கள் எழுதும் கடிதமெல்லாம் அப்படித்தானே முடியும்? சின்ன வயதில் அதை ஏதோ திருநாள் என்று நினைத்திருந்தேன். கோயில் வாசலில் எல்லார் முன்னாலும், "அத்தை, பியாந்தோ திருநாள் எப்ப வருது? அப்பா அன்னிக்கு வர்றாரு" என்று கேட்டேன். அத்தை விழுந்து விழுந்து சிரித்தார். அன்றிலிருந்து நம் வீட்டில் நடக்காத காரியமெல்லாம் "பியாந்தோவுக்கு நடக்கும்" என்றாகிவிட்டது. அர்த்தம் தெரியாமல் நானும் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

அம்மா மட்டும் சிரித்ததில்லை. அந்தத் திருநாளுக்கென்று எனக்குப் பட்டுப்பாவாடை தைத்து வைத்தாள். அது இன்னும் பெட்டியில் மடிப்புக் கலையாமல் இருக்கிறது.

இப்போது எல்லாம் புரிந்துவிட்டது. ஆனால் வெட்கப்பட மாட்டேன். அப்பா எழுதியதை ஒரு பிள்ளை நம்பியதில் என்ன வெட்கம்? சிரிக்கிறவர்கள் எழுதியவரைப் பார்த்துச் சிரிக்கட்டும்.

இனி அந்தச் சொல் வேண்டாம். காலண்டரில் இருக்கிற ஒரு தேதியை எழுதுங்கள். முடியாதென்றால் கையெழுத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
அந்தப் பாவாடை குட்டையாகிப்போன உங்கள் மகள்