குழாயைத் திறந்துவிட்டுப் போட்ட சண்டை

ஜூன் 3, செவ்வாய்

காயில் உப்பு தூக்கலாம். காலை பத்து மணிக்கு போனில் சேதி வந்தது. சொன்னது அக்கா. அதாவது என் ஓரகத்தி, இவருடைய அண்ணி. அவர் இருப்பது ஊரின் அந்தக் கோடியில், பெரிய வீட்டில். என் காயை அவர் கண்ணால்கூடப் பார்க்கவில்லை.

தின்றவர் எனக்கு எதிரே உட்கார்ந்துதான் தின்றார். தட்டை வழித்தார், கை கழுவினார், செருப்பை மாட்டினார், போனார். வாய் திறக்கவில்லை. பேருந்தில் ஏறி உட்கார்ந்ததும் அண்ணிக்கு போன். அண்ணி எனக்கு போன். "ஏண்டி சின்னவளே, அவன் பாவம், வாய்விட்டுச் சொல்ல மாட்டான். கொஞ்சம் பாத்துப் போடேன்."

பாவமாம்!

பதினான்கு வருடம் அந்தப் பெரிய வீட்டில் ஒன்பது பேராக இருந்தோம். அடுப்படி அக்கா கையில். யாருக்கு என்ன வேண்டுமானாலும் அக்காவிடம் சொல்வார்கள், அக்கா என்னிடம் சொல்வார். அங்கே அது நியாயம். இவருடைய அச்சகம் இந்தப் பக்கம் இடம் மாறியதால் தனியாக வந்தோம். இது மூன்றாவது மாதம். இங்கே இருப்பதே இரண்டு பேர். இன்னும் அதே வழக்கம். பிள்ளை இருக்கிற வீட்டில் "அப்பாகிட்டப் போய்ச் சொல்லு" என்று அனுப்பலாம். எங்களுக்கு அது இல்லை. அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை.

ஆண்டவனே, நான் உன்னிடம் கேட்டது பொறுமை. அதைக் காட்டுவதற்கு இத்தனை சந்தர்ப்பம் கேட்கவில்லை.

ஜூன் 4, புதன்

உப்பைக் குறைத்தேன். பத்து மணிக்கு போன். "இன்னிக்கு அளவா இருந்துச்சாம்." ரொம்ப சந்தோஷம்.

ஜூன் 8, ஞாயிறு

விடுமுறை. முழு நாளும் இவர் வீட்டில். அதாவது, வீட்டில் ஒரு நாற்காலியில்.

அச்சகத்தில் காகிதம் வெட்டும் இயந்திரம் இவர் பொறுப்பு. அந்தச் சத்தத்தில் அங்கே எல்லோரும் கை ஜாடையில்தான் பேசிக்கொள்வார்களாம். அதையே வீட்டுக்கும் கொண்டு வந்துவிட்டார். ஒரு விரல் தூக்கினால் டீ. உள்ளங்கையைக் கவிழ்த்தால் சோறு போதும். நேற்று கட்டை விரலைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். தண்ணீரா, ஃபேனா, ஜன்னலா? மூன்றையும் செய்துவிட்டேன். கடைசியில் ரேடியோவாம்.

சமையலறை அலமாரித் தட்டுகளுக்கு அச்சகக் கழிவுத் தாள் விரித்தேன். ஐந்தாவதோடு நின்ற எனக்கு மீதி எழுத்து வந்தது இந்தத் தாள்களைக் கூட்டிக் கூட்டிப் படித்துத்தான். எல்லாம் பாதிப் பக்கங்கள். ஒரு கதையும் எப்படி முடிந்தது என்று தெரியாது.

வந்த முதல் வாரமே துணி அலமாரியில் பாதியைக் காலி செய்து வைத்தேன். இன்னும் காலியாகவே இருக்கிறது. இவருடைய சட்டையெல்லாம் கட்டிலுக்கு அடியில் பெட்டிக்குள். தினமும் காலையில் இழுக்கிறார், ஒன்றை எடுக்கிறார், இரண்டு கொக்கியையும் மாட்டி உள்ளே தள்ளுகிறார். அந்தக் கொக்கிச் சத்தம் கேட்கிறபோதெல்லாம் யாரோ ஊருக்குக் கிளம்புகிற மாதிரி இருக்கிறது.

வீட்டுச் சொந்தக்காரர் கீழேதான் இருக்கிறார். ஓய்வு பெற்ற நர்ஸ். சாயங்காலம் மேலே வந்தார். "மூணு மாசம் இருந்து பாத்துட்டுச் சொல்றோம்னீங்க. மாசக் கடைசில ஒப்பந்தம் போடணும். இருக்கீங்களா, கெளம்புறீங்களா?"

நான் இவரைப் பார்த்தேன். இவர் ஃபேனைப் பார்த்தார்.

"சொல்றோம்மா" என்றேன். எனக்கு இருக்க வேண்டும். இந்தச் சின்னச் சமையலறை, விடியற்காலையில் யாரும் குறுக்கே நடக்காமல் உட்கார்ந்து கும்பிட அந்தக் கிழக்கு மூலை. எனக்கு வேண்டும். ஆனால் இவருக்கு?

சோறு இன்றும் மிஞ்சிவிட்டது. கை பெரிய வீட்டுக் கணக்கிலேயே அரிசி அள்ளுகிறது. சோப்பு எத்தனை நாள் வந்தது என்று எழுதி வைக்கிறவள் நான், இரண்டு பேருக்கு எவ்வளவு அரிசி என்று பிடிபடவில்லை. பானையை இவர் எட்டிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. நாளை அக்கா சொல்வார்.

ஜூன் 9, திங்கள்

சொன்னார்.

ஜூன் 11, புதன்

"ஃபேன் கடகடங்குதாம்டி. அவனுக்கு ஒரு வாரமாத் தூக்கமே இல்லையாம்."

"பக்கத்துலதானே அக்கா படுத்திருக்கேன். என்கிட்டச் சொன்னா என்னவாம்?"

"உன் மனசு நோகுமேன்னுதான்."

எனக்கும் அவருக்கும் நடுவே ஒரு தலையணை. அதைத் தாண்டி வர முடியாத பேச்சு ஊரைச் சுற்றி வருகிறது. நோகாமல் இருக்குமா?

வெட்கத்தை விட்டு நானும் செய்து பார்த்தேன். "அக்கா, வரும்போது துணி சோப்பு வாங்கிட்டு வரச் சொல்லுங்க." சாயங்காலம் சோப்போடு வந்தார். சரியான சோப்பு. எனக்கு எங்கே போய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

பெரியவரும் அக்காவும் வந்தார்கள். பெரியவர் இவருடைய அண்ணன்.

அக்கா செருப்பைக் கழற்றிய கையோடு சமையலறைக்குள் நுழைந்தார். கொஞ்ச நேரத்தில் என் டப்பாக்கள் எல்லாம் இடம் மாறிவிட்டன. சர்க்கரை இருந்த இடத்தில் மிளகு. "இப்படி வெச்சாத்தாண்டி கைக்கு வரும்." யார் கைக்கு?

கூடத்தில் ஒரே சிரிப்பு. இவர்தான்! அச்சகத்தில் முதலாளியின் கல்யாணப் பத்திரிகையைத் தலைகீழாக வெட்டியவன் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறார், குரலை மாற்றி மாற்றி. அந்தக் கதை எனக்குத் தெரியாது. நான் டீ தட்டோடு வாசற்படியில் நின்று கேட்டேன். என்னைப் பார்த்ததும் ஒரு விரலைத் தூக்கினார்.

பெரியவர் கிளம்பும்போது சொன்னார்: "நீங்க இருந்த மேல் ரூம வாடகைக்குக் கேக்குறாங்க. உங்களுக்காகத்தான் தராம வெச்சிருக்கேன். மாசக் கடைசிக்குள்ள ஒரு முடிவு சொல்லுங்க. அப்புறம் வந்து நின்னா இடம் இருக்காது."

இவர் தலையை ஆட்டினார். ஆமாம் என்றும் ஆட்டலாம், இல்லை என்றும் ஆட்டலாம், அப்படி ஒரு ஆட்டல்.

அக்கா என்னைத் தனியே இழுத்து, "அவனுக்கு இங்க விருந்தாளி வீட்ல இருக்குற மாதிரி இருக்காம்டி. உன்கிட்டச் சொல்லாதேன்னான். நான் சொல்லலேன்னு வெச்சுக்கோ" என்றார்.

விருந்தாளி. நான் துவைத்த சட்டை, நான் விரித்த படுக்கை. விருந்தாளி!

டப்பாக்களை மறுபடி இடம் மாற்றினேன். சத்தம் வருகிற மாதிரியே வைத்தேன்.

ஜூன் 19, வியாழன்

இன்று கேட்டுவிடுவது என்று காலையிலேயே வேண்டிக்கொண்டேன். சாப்பிடும்போது, "என்னங்க" என்றேன். நிமிர்ந்து பார்த்தார். "காய் இன்னும் போடட்டா?" என்று கேட்டுவிட்டேன். சீ, நானும் ஒரு ஆள்.

ஜூன் 22, ஞாயிறு

ஈரச் சேலையை மாற்றிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன்.

சாப்பாடு முடிந்ததும், "கொஞ்சம் பேசணும்" என்றேன். இவர் மறுபேச்சில்லாமல் எழுந்தார். நேரே குளியலறைக்குப் போனார். குழாயை முழுசாகத் திறந்துவிட்டார். வாளிக்கு அந்தப் பக்கம் போய் நின்றார். நானும் பின்னாலேயே போய், கதவைச் சாத்தி, இந்தப் பக்கம் நின்றேன்.

பெரிய வீட்டில் எங்கள் மேல் அறைக்கும் மாடிக் கூடத்துக்கும் நடுவே வெறும் பலகைத் தடுப்பு. தும்மினால் ஒன்பது பேருக்கும் கேட்கும். அதனால் கல்யாணமான புதிதிலிருந்தே எங்கள் சண்டையெல்லாம் குளியலறையில், குழாயைத் திறந்துவிட்டு, காதோடு காதாக. பதினான்கு வருடப் பழக்கம். இரண்டு பேருக்குமே வித்தியாசமாகத் தோன்றவில்லை!

"விருந்தாளி மாதிரி இருக்குன்னு அக்காகிட்டச் சொன்னீங்களாமே?" இது நான், கிசுகிசுவென்று.

"நான் அப்படிச் சொல்லல."

"அப்போ அக்கா பொய் சொல்றாங்களா?"

"மெதுவாப் பேசு."

"மெதுவாத்தான் பேசுறேன். நீங்க சொல்லுங்க, இருக்கணுமா போகணுமா?"

"என்ன? கேக்கல. தண்ணிச் சத்தம்."

மறுபடி முதலிலிருந்து. வாளி நிரம்பி வழிந்தது. இவர் கால்சட்டை முழங்கால் வரை நனைந்துவிட்டது. என் சேலையைக் கேட்கவே வேண்டாம். ஒரு முடிவும் வரவில்லை. அப்புறம் குழாயும் நின்றுவிட்டது, யாரும் மூடாமலே. அதே நேரம் வாசல் கதவைத் தட்டும் சத்தம்.

நர்ஸம்மா. "தொட்டில ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. கீழ நான் தலைல சோப்போட நிக்கிறேன். இங்க யாருக்கு என்ன ஆச்சு? வாந்தியா, பேதியா?" எங்கள் இருவரையும் மேலும் கீழும் பார்த்தார். நனைந்த இரண்டு கோழிகள். "வேற யாரு இருக்கா உள்ள?"

"யாருமில்ல. நாங்க ரெண்டு பேருதான்."

"பின்ன குசுகுசுன்னு பேச்சுச் சத்தம் வந்துச்சே. ஆளே இல்லாத வீட்ல யாருக்குப் பயந்து?"

நான் முந்தானையைப் பிழிந்தேன். அவர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு முணுமுணுத்தபடி இறங்கிப் போனார்.

கதவைச் சாத்தினேன். எங்கிருந்து வந்ததோ தெரியாது, கத்தினேன். "என்னங்க, இருக்கணுமா போகணுமா, வாயத் தொறந்து என்கிட்டச் சொல்லுங்க!" கூடத்தில் சாமான் குறைவு. என் குரல் சுவரில் மோதித் திரும்பி வந்தது. அது என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம்.

"கத்தாத."

"யாருக்குக் கேக்கும்?"

இவர் பலகைத் தடுப்பு இருக்கவேண்டிய பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கே ஜன்னல். கொஞ்ச நேரம் அதையே பார்த்தார்.

"நீதான் போகணும்னு நெனக்கிறே" என்றார். குரல் ஏறியது. "தெனமும் ஒம்போது பேருக்குச் சோறு வடிக்கிறே. பானையப் பாக்கும்போதெல்லாம் எனக்கு என்னமோ பண்ணுது. உன் நெனப்பெல்லாம் அங்கேயே இருக்கு. கேட்டா, ஆமாம், போலாம்னு சொல்லிடுவியோன்னு கேக்கல."

என்ன சொல்கிறார் இந்த மனிதர்!

"அது கை மறக்கலங்க! எனக்கு அளவு தெரியல, அவ்வளவுதான்! பெட்டியப் பூட்டிப் பூட்டி வெச்சது யாரு? அலமாரில பாதி காலியா கெடக்கே, கண்ணு தெரியலியா?"

"அது எனக்குன்னு நீ எப்ப சொன்னே?"

சொல்லவில்லை. அக்காவிடம் பேச்சோடு பேச்சாகச் சொல்லியிருந்தேன். அக்கா சொல்வார் என்று விட்டுவிட்டேன். அக்கா அதை மட்டும் சொல்லவில்லை, அல்லது மறந்துவிட்டார். யாரைக் குற்றம் சொல்ல?

"இப்ப சொல்றேன். உங்களுக்குத்தான்."

"எனக்கு அந்த ஃபேன் சத்தம் ஆகல" என்று கத்தினார் பதிலுக்கு. அதுவரை அப்படி ஒரு குரலை நான் கேட்டதில்லை. அவரும் கேட்டிருக்க மாட்டார் போல, கத்திவிட்டு ஒரு மாதிரி நின்றார். ஈரக் கால்சட்டையோடு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அழுகை வந்தது.

ஜூன் 24, செவ்வாய்

சட்டைகள் அலமாரிக்கு வந்துவிட்டன. விளிம்பு விளிம்பாக, வெட்டி அடுக்கின காகிதக் கட்டு மாதிரி. என் பக்கம் அதற்கு முன்னால் சந்தைக் கடையாகத் தெரிகிறது. "உன் சேலையையும் அடுக்கித் தரவா?" என்றார். வேண்டாம் என்றேன். பல்லைக் கடித்துக்கொண்டு.

ஜூன் 29, ஞாயிறு

பெரியவரிடமிருந்து போன். இவர் எடுத்துப் பார்த்தார், யார் என்று தெரிந்ததும் என் பக்கம் நீட்டினார். கையால் ஜாடை: நீ சொல்லு.

நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். போன் அடித்துக்கொண்டே இருந்தது. ஆண்டவனே, இந்த ஒரு தடவை. அக்காவுக்குப் பதிலாக இனி நான் தூது போனால், மூன்று மாதமும் வீண்.

கடைசியில் எடுத்தார். "அண்ணே... ம். ம். சாப்பிட்டாச்சு. ம்." அவ்வளவுதான், வைத்துவிடப் போகிறார் என்று நினைத்தேன். சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். "மேல் ரூம வாடகைக்கு விட்டுருங்கண்ணே. நாங்க இங்கயே இருந்துக்குறோம்... இல்ல, அவ சொல்லல. நான்தான் சொல்றேன். எனக்கு இங்க பிடிச்சிருக்கு."

அந்தப் பக்கம் பெரியவர் என்ன சொன்னாரோ, கொஞ்சம் நீளமாகச் சொன்னார். இவர் வேர்த்து வழியக் கேட்டுக்கொண்டிருந்தார். ஆனால் சொன்னதை மாற்றவில்லை.

ஜூன் 30, திங்கள்

ஒப்பந்தம் ஆயிற்று. நர்ஸம்மா கேட்டதும் இவர் கையெழுத்தைப் போட்டார். நர்ஸம்மா தண்ணீரைப் பற்றித் தனியாக ஒரு வரி சேர்த்திருக்கிறார்.

ஜூலை 6, ஞாயிறு

வாய் திறந்தாலும் திறந்தது, மூட வழியில்லை. காய் ஏன் பெரிதாக நறுக்கினாய். திரைச்சீலை ஒரு பக்கம் ஏறியிருக்கிறது. சோப்பை ஏன் ஈரத்தில் வைக்கிறாய். கும்பிட உட்கார்ந்திருக்கிறேன், பின்னால் வந்து நின்று, "நீ கும்பிடு, முடிச்சிட்டு ஒண்ணு சொல்லணும்" என்கிறார். அதற்குப் பிறகு எங்கே கும்பிடுவது?

ஜூலை 10, வியாழன்

அக்காவிடமிருந்து ஒரு வாரமாக போன் இல்லை. பத்து மணி ஆனால் காது தானாக அந்தப் பக்கம் போகிறது.

ஜூலை 13, ஞாயிறு

நானே கூப்பிட்டேன். அக்கா குரலில் சுரத்தில்லை. "அவன் இப்பல்லாம் போனே பண்றதில்லடி. நான் எதுக்கு உன்னக் கூப்பிடுறது? சொல்றதுக்கு ஒண்ணுமில்லையே."

"எனக்கு ஒண்ணு கேக்கணும்கா. ரெண்டு பேருக்கு எவ்வளவு அரிசி போடணும்?"

அவருக்கும் தெரியவில்லை. அவர் இரண்டு பேருக்குச் சமைத்ததே இல்லையாம். அதை வைத்துக் கொஞ்ச நேரம் பேசினோம். அப்புறம் முழங்கால் வலி என்றார். இரண்டு வருடமாக இருக்கிறதாம். யாரிடமும் சொன்னதில்லையாம். எந்த முழங்கால், எப்போது வலிக்கும், எல்லாம் கேட்டேன்.

உள்ளேயிருந்து இவர்: "யாருகிட்ட இவ்வளவு நேரம்? மனுஷன் ஒரு நாள் மத்தியானம் தூங்க வேணாமா?"

"கதவச் சாத்திக்கிட்டுத் தூங்குங்க!" என்றேன் நானும், அங்கிருந்தே.

அந்தப் பக்கம் அக்கா முழங்காலை விட்டுவிட்டார்.

"யாருடி அது? அவனா கத்துறான்?"

"அவருதான்கா."

"அவனுக்கு இப்படி ஒரு குரல் இருக்கா? எனக்குத் தெரியவே தெரியாதேடி."

எனக்கும் இப்போதுதான் தெரியும் என்றேன்.