ஆடும் காலைச் சரிசெய்ய அனுமதி வேண்டி

அனுப்புநர்
உரிமையாளர்,
சலவைக்கடை (கீழே), வீடு (மாடியில்),
நிலநடுக்க ஆராய்ச்சி நிலையத்தின் பின்சுவரை ஒட்டிய தெரு.

பெறுநர்
இயக்குநர் அவர்கள்,
நிலநடுக்க ஆராய்ச்சி நிலையம்,
மேற்படி சுவரின் மறுபக்கம்.

பொருள்: எனக்குச் சொந்தமான சலவை இயந்திரத்தின் ஆடும் காலை நானே சரிசெய்துகொள்ள அனுமதி வேண்டியும், என் மனைவி வீடு திரும்ப ஆவன செய்யக் கோரியும்.

பார்வை: தங்கள் நிலைய ஆய்வாளர் அம்மையார் வாய்மொழியாகச் சொன்ன "இன்னும் ஒரே ஒரு மாசம் அண்ணே" (பலமுறை).

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம்.

1. நான் மேற்கண்ட முகவரியில் மருத்துவமனைப் படுக்கை விரிப்புகளையும் விடுதிக் கம்பளிகளையும் துவைத்துப் பிழைத்து வருகிறேன். என்னிடம் உள்ள பெரிய இயந்திரம் துவைப்பதோடு, துணியை வேகமாகச் சுழற்றிப் பிழிந்தும் கொடுக்கும். என் திருமணத்துக்கு முன்பே வாங்கியது என்பதால் என் மனைவி அதற்கு "மூத்தாள்" என்று பெயர் வைத்திருக்கிறாள். இம்மனுவிலும் அப்பெயரையே பயன்படுத்த அனுமதிக்க வேண்டுகிறேன்.

2. சென்ற ஆண்டு மூத்தாளைத் தரையோடு பிடித்திருந்த நட்டு ஒன்று கழன்று, இடது பின்கால் ஆடத் தொடங்கியது. ஆள் கூப்பிட வேண்டும் என்று நினைத்தபடியே நாள் கடத்திவிட்டேன். அந்த நாட்களில் சுவரின் மறுபக்கம் தங்கள் ஆய்வாளர் அம்மையார் ஊருக்கு அடியில் புதிதாகச் சிறு நிலநடுக்கங்கள் தோன்றுவதாகக் கண்டறிந்து, கட்டுரையும் பாதி எழுதிவிட்டிருந்தார் என்பது எனக்குத் தெரியாது.

3. ஒரு நாள் அவர் கடைக்கு வந்து, துணி எதுவும் கொடுக்காமல், சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். மூத்தாள் பிழிய ஆரம்பித்ததும் அவர் முகம் தொங்கிப்போயிற்று. "ஞாயித்துக்கிழமை லீவு எடுக்கிற நிலநடுக்கம் எங்கயாவது உண்டா அண்ணே? அப்பவே எனக்குச் சந்தேகம் வந்திருக்கணும்" என்று சொல்லிச் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. எனக்கு மிகவும் சங்கடமாகிவிட்டது. படித்த பெண்ணின் உழைப்பை என் கம்பளிகள் இப்படிப் பிழிந்துவிட்டனவே என்று வருந்தி, தேநீர் வரவழைத்துக் கொடுத்து, மறுநாளே மூத்தாளின் காலைச் சரிசெய்வதாக வாக்கும் கொடுத்தேன்.

4. சொன்னபடி மறுநாள் மெக்கானிக்கை வரவழைத்தேன். அவர் மூத்தாளுக்கு அடியில் பாதி உடம்பை நுழைத்திருந்த சமயத்தில் அம்மையார் ஓடிவந்தார். "அண்ணே, அந்த நட்டைத் தொடாதீங்க" என்றார். மெக்கானிக் பயந்து தலையை இடித்துக்கொண்டார். இரவெல்லாம் யோசித்து அம்மையார் கண்டுபிடித்தது இதுதான். நிலநடுக்கம் தன் இஷ்டத்துக்கு, தனக்குத் தோன்றிய இடத்தில் வருமாம். அதை நம்பிப் பூமியின் மேலோட்டை ஆராய்வது பெரும்பாடாம். மூத்தாளோ தினமும் ஒரே இடத்தில் நின்று ஒரே மாதிரி ஆடுகிறதாம். அந்த ஆட்டம் தரைக்குள் இறங்கி, பாறைகளில் பட்டுத் திரும்பி வருமாம். ஆணி அடிக்கும் முன் சுவரைத் தட்டிப் பார்க்கிறோமே, அந்த மாதிரி. திரும்பி வருவது ஒரு துளி முந்தினாலோ பிந்தினாலோ கீழே பாறையில் ஏதோ மாறியிருக்கிறது என்று அர்த்தமாம். ஆகவே ஒரு மாதம் மட்டும் மூத்தாள் இப்படியே ஆடட்டும் என்று கேட்டுக்கொண்டார். நானும் தலையாட்டினேன். அன்று ஆடிய தலை இன்னும் நிற்கவில்லை.

5. ஒரு மாதம் பல மாதங்களாகிவிட்டது. விரிப்பையும் கம்பளியையும் ஒன்றாகப் போடக்கூடாது, ஒரு தடவைக்கு இத்தனை எடைதான், பண்டிகைக் கூட்டம் என்று வேகத்தைக் கூட்டக்கூடாது என்று நாளுக்கொரு நிபந்தனை வருகிறது. நான் என் கடையை நடத்துகிறேனா, தங்கள் நிலையத்தில் சம்பளமில்லாமல் வேலை பார்க்கிறேனா என்று எனக்கே சந்தேகமாக இருக்கிறது. கடையில் சுண்ணாம்பு உதிர்ந்து வெளுத்த துணி மறுபடி வெளுக்கிறது. சுவர்க் கடிகாரத்தின் இரண்டு முட்களும் தளர்ந்து கீழே தொங்குவதால் எப்போது பார்த்தாலும் ஆறரை. மாடியில் பாத்திரங்கள் அலமாரி விளிம்புக்கு நகர்ந்து வந்து, என் மனைவி திரும்பும் நேரம் பார்த்துக் குதிக்கின்றன.

6. என் மனைவி பொறுத்துத்தான் பார்த்தாள். சாம்பார்ச் சட்டி அடுப்பை விட்டு இறங்கிய அன்று, "இந்த வீட்டுல ஒண்ணு அந்த மூத்தா இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்றாள். அந்த இடத்தில் எந்தப் புருஷனும் சொல்லக்கூடாததை நான் சொன்னேன்: "கொஞ்சம் பொறு, ஆராய்ச்சி முடியட்டும்." அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். என் மைத்துனர் கண்ணாடி வியாபாரி. அந்த வீட்டில் ஒரு சாமானும் அசையாது. ஆகவே அவளாகத் திரும்பி வர எந்த முகாந்திரமும் இல்லை.

7. அவள் போன மறுநாள் அம்மையார் தொலைபேசியில் அழைத்தார். "மெஷின் ஓடுறதுக்கு முன்னாடி தினமும் ஒரு தட்டு வரும் அண்ணே, கணீர்னு ஒண்ணே ஒண்ணு. அதை வச்சுத்தான் அன்னிக்குப் பதிவையே ஆரம்பிப்பேன். இன்னிக்கு அது மூணு துண்டா வந்திருக்கு. என்ன மாத்தினீங்க?" என்று கேட்டார்.

நான் எதையும் மாற்றவில்லை ஐயா. அது எங்கள் கடை ஷட்டர். என் மனைவி தூக்கினால் ஒரே தள்ளில் மேலே போய் இடிக்கும். நான் தள்ளினால் மூன்று இடத்தில் சிக்கி நின்றுதான் போகும். இதைச் சொன்னதும் அம்மையார், "அண்ணி எப்ப வருவாங்க?" என்று மெதுவாகக் கேட்டார்.

8. அன்று மாலை அவர் என்னைத் தம் அறைக்கு அழைத்துப்போய், இதுவரை மூத்தாள் ஆடி ஆடி வரைந்த படத்தைக் காட்டினார். நம் தெருவுக்கு அடியில் பாறைகள் மடித்து அடுக்கிய விரிப்புகளாகத் தெரிந்தன. நடுவில் தையல் விட்ட மாதிரி ஒரு பழைய பிளவு. அது நகருகிறதா என்பதைத்தான் அவர் காவல் காக்கிறார். வாழ்நாள் முழுவதும் அடுத்தவர் அழுக்கைப் பார்த்தவனுக்கு அதைப் பார்த்தபோது பெருமையாக இருந்தது. இதை மறைக்க விரும்பவில்லை. அதனால்தான் ஒரு ஸ்பேனரால் முடிகிற காரியத்துக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஆகவே, ஐயா அவர்கள் கருணைகூர்ந்து,

(அ) மூத்தாளின் காலைச் சரிசெய்ய எழுத்துமூலம் அனுமதி வழங்க வேண்டுகிறேன். வாய்மொழி என்றால் அம்மையாரின் முகத்தைப் பார்த்ததும் நான் மறுபடி தலையாட்டிவிடுவேன்.

(ஆ) அனுமதி இல்லையெனில், ஷட்டரைத் திறக்க என் மனைவி இல்லாமல் பூமியின் மேலோட்டு ஆராய்ச்சி தடைப்பட்டிருக்கிறது என்று அவளுக்குத் தங்கள் கையொப்பத்துடன் ஒரு கடிதம் அனுப்ப வேண்டுகிறேன். நான் எழுதினால் அவள் உறையைப் பிரிக்கவே மாட்டாள். முத்திரை வைத்த கடிதம் என்றால் எழுந்து நின்று வாசிப்பாள்.

அவள் இல்லாத வீடு வீடாக இல்லை. இதைக் கோரிக்கையாக எண்ணிட எனக்குத் தெரியவில்லை.

இடம்: கடை மேசை
நாள்: செவ்வாய், மருத்துவமனை விரிப்புகள் பிழியும் நேரம் (எழுத்து நெளிந்திருப்பதைப் பொறுத்தருளவும்)

இன்றுவரை அசைந்துகொடுத்து வரும்,
(கையொப்பம்)
சலவைக்கடை உரிமையாளர்

நகல்: என் மனைவி, மைத்துனர் இல்லம்.

பின்குறிப்பு: மறுநாள் காலை. மாடியில் இம்மனுவை உறையில் இடும்போது கீழே ஷட்டர் ஒரே தள்ளில் மேலே போனது. நான் படியிறங்குவதற்குள் தொலைபேசி அடித்தது. "அண்ணி வந்துட்டாங்கல்ல?" என்றார் அம்மையார். வந்திருந்தாள். கையில் மைத்துனர் கடை ஸ்பேனர். நகலை அவளிடம் நேரிலேயே கொடுத்தேன். நின்றபடியே முழுவதும் வாசித்தாள். எட்டாவது பத்தியில் "ம்" என்றாள். பிறகு மூத்தாளுக்கு முன்னால் உட்கார்ந்து, "எந்தக் கால்?" என்று மட்டும் கேட்டாள். இயக்குநருக்கு மனு போகிறது, பதில் வரட்டும் என்றேன். "சாயங்காலம் வரைக்கும்தான்" என்றாள்.

எனவே பதில் இன்று மாலைக்குள் தேவை. வராவிட்டால் விளக்கைப் பிடித்து அந்தக் காலை நானே காட்டிக்கொடுப்பதாக முடிவு செய்துவிட்டேன். அம்மையாரிடம் மன்னிப்புக் கேட்டதாகத் தெரிவிக்கவும். நாளைய பதிவில் மூத்தாளின் ஆட்டம் இருக்காது என்றும், ஆனால் ஷட்டர் ஒரே தள்ளில் திறக்கும் என்றும் சொல்லவும்.