ஞாயிற்றுக்கிழமை நீ சொல்லாதது

தம்பிக்கு அக்கா ஆசியுடன் எழுதுவது.

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று சிரிப்பாய். மூன்று வாரமாக நீ போனை எடுப்பதில்லை. எனக்கு வேறு வழி தெரியவில்லை. பயப்படாதே, திட்டுவதற்கு மட்டும் எழுதவில்லை.

மூடிக் கிடந்த வங்கிகளைத் திறந்துவிட்டார்கள். ஆளுக்கு வாரத்துக்கு இவ்வளவுதான் என்று அளந்து கொடுக்கிறார்கள். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ரொட்டிக் கடைக்காரர், "எங்கேயோ வெளிநாட்டுல பெரிய பெரிய பேங்க் எல்லாம் கவுந்துச்சாம். அதுக்கு நம்ம காசைப் பூட்டி வச்சுட்டானுங்க. இவனுங்க உருப்படுவானுங்களா?" என்று நிதி அமைச்சகத்தையே சபித்தார். என் தம்பி அங்கேதான் அதிகாரியாக இருக்கிறான் என்று நான் வாயைத் திறக்கவில்லை. கேட்காதவர்களிடமெல்லாம் அதைச் சொல்லித் திரிந்தவள் நான்.

நேராகவே சொல்லிவிடுகிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமை நீ எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டாய். உன் அத்தானுக்கு இதய வால்வு மாற்றுவதற்காக என் தையல் கடையை விற்ற பணம் அலமாரியில் இருந்தது. "நாளைக்கு பேங்க்ல போட்டு வைக்கட்டுமா, இல்லே நேரா ஆஸ்பத்திரியில கட்டிடட்டுமாடா?" என்று உன்னைத்தானே கேட்டேன்? நீ தட்டைப் பார்த்தபடி, "உன் இஷ்டம்க்கா" என்றாய். மறுநாள் காலையில் போட்டேன். அன்று சாயங்காலமே வங்கிகளை மூடி, நாணய மதிப்பையும் குறைத்துவிட்டதாக அமைச்சர் டிவியில் அறிவித்தார். அவருக்குப் பின்னால் கோப்பும் கையுமாக நீ நின்றாய். ரொம்ப இளைத்துப்போயிருந்தாய். எனக்கு முதலில் கண்ணில் பட்டது அதுதான்.

வால்வு வெளிநாட்டுச் சரக்கு. விலை இரண்டு மடங்காகிவிட்டது. பழைய வால்வையே தைத்துச் சரிசெய்து பார்க்கலாம் என்கிறார் டாக்டர். நானும் தைக்கிறவள்தானே? நைந்த துணியில் தையல் எத்தனை நாள் நிற்கும் என்று எனக்குத் தெரியும்.

அத்தான் உன் கட்சி. "நம்மகிட்ட சொல்லியிருந்தா நீ உன் நாத்தனார்கிட்ட சொல்லியிருப்பே. அவ ஊருக்கே சொல்லியிருப்பா. திங்கக்கிழமை மத்தியானத்துக்குள்ள பேங்க்ல ஒத்தைக் காசு மிஞ்சியிருக்காது. அவன் செஞ்சதுதான் சரி" என்கிறார். சரிதான், எனக்கும் புரிகிறது. புரிந்தும் வயிறு எரிகிறது, தம்பி. ஊருக்கெல்லாம் நியாயம் செய்துவிட்டாய், அது என் தலையில் வந்து விடிந்தது.

வியாழக்கிழமை ஆபரேஷன். நீ புதன்கிழமையே வந்துவிடு. பழையதைக் கிளற மாட்டேன், கிளறினாலும் பொறுத்துக்கொள். அத்தான் எல்லோரிடமும் சிரித்துப் பேசுகிறார். ஆனால் பயந்துபோயிருக்கிறார். நான் குளிக்கப் போனாலும் எங்கே போகிறாய் என்று கேட்கிறார். "அவன்கிட்ட மட்டும் சொல்லிடாதே, உடைஞ்சு போயிடுவான்" என்று என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார். உன்னைப் போல எனக்கு ரகசியம் காக்க வராது. சொல்லிவிட்டேன். வந்துவிடுடா.

இன்னமும் நீ நன்றாக இருக்க வேண்டுமென்றே வேண்டிக்கொள்ளும்,
அக்கா.