சமயபுரத்துக்கு அனுப்பிய நாள்

லீட்ஸ் அருகே, இங்கிலாந்து
17.11.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீ, மாமா, வைஷ்ணவிக்குட்டி எல்லோரும் சௌக்கியமா?

இந்தக் காலத்தில் இவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று பயந்திருப்பாய். ஒன்றும் இல்லை. போன் செய்தால் நீ உடனே ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாய். மாமா, எதிர்வீட்டு அம்மா, டிவி எல்லாம் சேர்ந்து கேட்கின்றன. நானும் "நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன்" என்று கத்திவிட்டு வைத்துவிடுகிறேன். உன்னோடு மட்டும் பேச வேண்டும்போல் இருந்தது.

முதியோர் இல்லத்தில் வேலை பழகிவிட்டது. இருபத்தெட்டுப் பேர் இருக்கிறார்கள். திருச்சி ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி ட்யூட்டியில் ஓடிய ஓட்டத்துக்கு இது பாதிகூட இல்லை. இருளாயி என்ற பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. ஒரு வாரம் முயன்றுவிட்டு 'ஐரா' என்று பேட்ஜ் அடித்துக் கொடுத்துவிட்டார்கள். ஐரா என்று யாராவது கூப்பிட்டால் இன்னும் பக்கத்தில் வேறு யாரோ நிற்பதாகத்தான் தோன்றுகிறது.

தினம் ஒரே பஸ்ஸில்தான் போகிறேன். எவ்வளவு கூட்டமாக இருந்தாலும் என் பக்கத்து சீட் காலியாகவே இருக்கும். நின்றுகொண்டு வருவார்கள், உட்கார மாட்டார்கள். ஒருவகையில் வசதிதான், பையை வைத்துக்கொள்ளலாம்.

நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது. சோறு வடித்தால் ஒரு ஆளுக்கு எவ்வளவு அரிசி போடுவது என்று இன்னும் கை பழகவில்லை. வைஷ்ணவியை ஒரு வரியாவது எழுதச் சொல்.

உன்
ஆயி

◆

ஸ்ரீரங்கம்
12.1.2025

என் அன்புத் தங்கை ஆயிக்கு,

உன் கடிதம் வந்து ஒரு மாதமாகிறது. கோபித்துக்கொள்ளாதே. ஏகாதசிக் கூட்டத்தில் பத்து நாளாக வீட்டை விட்டு இறங்க முடியவில்லை. மேலூர் ரோடு முழுக்க வேன்கள். முந்தாநாள் சொர்க்கவாசல் திறந்தார்கள். உனக்காகவும் சேர்த்து வேண்டிக்கொண்டேன். இன்றுதான் தபாலாபீஸ் போகத் தெம்பு வந்தது.

இப்போது முக்கியமான விஷயம். கே.கே. நகரில் ஒரு வரன் வந்திருக்கிறது. எஞ்சினியர், முப்பத்தெட்டு வயது, முதல் கல்யாணம் ரத்தாகிவிட்டது, பிள்ளை இல்லை. நீ அங்கே இருப்பது அவர்களுக்குப் பிடித்திருக்கிறது. பையனுடைய அம்மா போனில் நன்றாகத்தான் பேசினார்கள். கடைசியில்தான், "பொண்ணு நிறம் எப்படிங்க?" என்று கேட்டார்கள். "மாநிறந்தாங்க, இப்ப அந்தக் குளிருக்கு இன்னும் வெளுத்திருப்பா" என்று சொல்லி வைத்திருக்கிறேன். நல்ல வெளிச்சத்தில், வெளிர் ரோஜா நிறத்தில் ஏதாவது போட்டுக்கொண்டு ஒரு போட்டோ அனுப்பு. கொஞ்சம் திருத்தி அனுப்பினாலும் தப்பில்லை, இப்போது எல்லோரும் செய்கிறார்கள். உனக்கும் முப்பத்துநாலு ஆகிவிட்டது, ஞாபகம் இருக்கட்டும்.

வைஷ்ணவிக்கு எட்டாம் வகுப்புப் பாடம் மலையாக இருக்கிறது. பரீட்சை முடிந்து எழுதுகிறாளாம். மாமா விசாரித்தார். எண்ணெய் தேய்த்துக் குளி. தனியாக இருக்கிறோம் என்று சமைக்காமல் இருந்துவிடாதே.

உன் அக்கா
பிரேமலதா

◆

2.2.2025

அன்புள்ள அக்காவுக்கு,

போட்டோ அனுப்பவில்லை. அனுப்பப்போவதும் இல்லை. அவர்களிடம் வேண்டாமென்று சொல்லிவிடு.

இங்கே கிளார்க் என்று ஒரு பெரியவர் இருக்கிறார். எண்பத்தாறு வயது. முதல் வாரம் அவரைக் குளிப்பாட்டப் போனபோது, என் கை பட்ட இடத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். கை ஈரமாக இருந்திருக்கும் என்று நினைத்தேன். மறுநாளும் துடைத்தார். மூன்றாம் நாள், "கழுவிவிட்டு வா, அழுக்கு இன்னும் போகவில்லை" என்றார். அறையில் அவர் மகளும் இருந்தாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மேனேஜரிடம் சொன்னேன். "வயதானவர், மனதில் வைத்துக்கொள்ளாதே" என்றாள். அத்தோடு அவருடைய குறிப்புத் தாளில் 'வெள்ளையர் பராமரிப்பையே விரும்புகிறார்' என்று எழுதிவிட்டாள். காபிக்குச் சர்க்கரை வேண்டாம் என்று எழுதியிருக்கிற வரிக்குக் கீழே அதுவும் ஒரு வரி. இப்போது இன்னும் இரண்டு பேர் தாளில் அதே வரி இருக்கிறது. தினம் காலையில் அதை நான்தான் உரக்கப் படித்து மற்றவர்களுக்கு வேலை பிரித்துத் தர வேண்டும்.

அக்கா, நான் எப்படியோ ஆகிவிட்டேன். கடையில் பால் வாங்குவதற்கு முன்னால்கூட என்ன சொல்ல வேண்டும் என்று இரண்டு முறை மனதுக்குள் சொல்லிப் பார்க்கிறேன். யாராவது சிரித்தால் என்னைப் பார்த்தா என்று தேடுகிறேன். கையைக் கழுவிக் கழுவி விரலிடுக்கெல்லாம் வெடித்துவிட்டது. லீவு நாளில் திரையை இழுத்துவிட்டுப் படுத்தே கிடக்கிறேன்.

கிளார்க் அப்படிச் சொன்னபோது எனக்கு அதிர்ச்சியே வரவில்லை. அதுதான் என்னை இன்னும் படுத்துகிறது. எங்கேயோ கேட்ட பேச்சுபோல இருந்தது. மாமா வீட்டார் உன்னைப் பெண் பார்க்க வந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? அன்று காலையில் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, பஸ்ஸுக்குக் காசு கொடுத்து, "சமயபுரத்துக்குப் போய் அக்காவுக்காக விளக்குப் போட்டுட்டு வா. பொழுது சாஞ்சு வந்தா போதும்" என்றாள். எனக்குப் பதினேழு வயது. நிஜமாகவே வேண்டுதல் என்று நம்பிப் போனேன். மத்தியானம், கோயில் வாசலில் பூக்காரம்மா, "யாரைத் தேடுறே பாப்பா, காலையிலேர்ந்து உக்காந்திருக்கே?" என்று கேட்டபோதுதான் எனக்கு விளங்கியது. பாலக்கரை வீட்டுக்குத் திரும்பி வந்தபோது நீங்கள் எல்லோரும் கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள்.

அம்மாவை அதற்குப் பிறகு என்னால் அம்மாவாகப் பார்க்க முடியவில்லை. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

ஆயி

◆

ஸ்ரீரங்கம்
23.2.2025

அன்புள்ள ஆயிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் வேலை ஓடவில்லை. அந்தக் கிழவனுக்குக் கை கால் விளங்குமா? அவ்வளவு கஷ்டமென்றால் வந்துவிடு. இங்கே உனக்கு ஆஸ்பத்திரி வேலை கிடைக்காமலா போய்விடும்?

ஆனால் ஒன்று சொல்கிறேன். எதை எதோடு முடிச்சுப் போடுகிறாய்? அவர்கள் அந்நியர்கள். நாங்கள் உன் மேல் உயிரை வைத்திருந்தோம். உனக்கு டைபாய்டு வந்தபோது அம்மா பத்து நாள் தரையில் படுத்தாள். வீட்டில் நாலு வார்த்தை கருப்பி என்று சொல்லியிருப்போம், அது செல்லமாகச் சொன்னது. எல்லார் வீட்டிலும் சொல்வதுதான். பதினேழு வருஷத்துக்கு முந்தியதை, அதுவும் செத்துப்போன மனுஷியை, இப்போது எதற்கு இழுக்க வேண்டும்?

கே.கே. நகர்க்காரர்களுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. யோசித்து எழுது.

பிரேமலதா

◆

16.3.2025

அக்கா,

போன ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, கிளார்க் நாற்காலியிலிருந்து சரிந்து விழுந்துவிட்டார். மாடியில் நானும் கென்யாக்காரி மெர்சியும் மட்டும்தான். ஓடிப்போய்ப் பார்த்தேன். எலும்பு ஒன்றும் முறியவில்லை. இரண்டு பேர் சேர்ந்து தூக்கினால் இரண்டு நிமிட வேலை. கிட்டே போனால் கையை வீசுகிறார். "தொடாதே, ரெண்டு பேரும் தொடாதீங்க" என்று கத்துகிறார். வற்புறுத்தித் தூக்கக்கூடாது என்பது சட்டம். மேனேஜர் வெளியே போயிருந்தாள்.

மெர்சி போன் செய்யப் போனாள். நான் அவருக்கு ஒரு முழம் தள்ளித் தரையில் உட்கார்ந்தேன். குளிரில் அவருக்கு உதறல் எடுத்தது. கம்பளியைப் போர்த்தினேன், அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் சத்தமில்லாமல் அழ ஆரம்பித்தார். எனக்கும் அழுகை வந்தது. ஒரே தரையில் உட்கார்ந்து இரண்டு பேரும் தனித்தனியாக அழுதோம். இருபத்தைந்து நிமிடம் கழித்து மேனேஜர் வந்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை ஆபீஸிலிருந்து மூன்று பேர் வந்து என்னை விசாரித்தார்கள். இருபத்தைந்து நிமிடம் ஏன் தரையில் விட்டாய் என்று. தாளில் இருக்கிற அந்த வரியைக் காட்டினேன். மூன்று பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். நடந்தது எல்லாவற்றையும் புகாராக எழுதிக் கொடுத்துவிட்டேன். கடைசியில் அவர்களில் ஒருத்தி, "மனசு விட்டுப் பேச உனக்கு வீட்டில் யாராவது இருக்கிறார்களா?" என்று கேட்டாள். அக்கா இருக்கிறாள் என்றேன்.

அறைக்கு வந்து, பிரித்து வைத்திருந்த உன் கடிதத்தை மறுபடி படித்தேன். 'செல்லமாகச் சொன்னது' என்று எழுதியிருக்கிறாய்.

எனக்குக் கோபமில்லை அக்கா. அலுப்பாக இருக்கிறது. அவ்வளவுதான்.

ஆயி

◆

ஸ்ரீரங்கம்
6.4.2025

என் ஆயிக்கு,

இதை எழுதத் தைரியம் வர மூன்று நாளாயிற்று.

உன் கடிதங்களை அரிசி டின் மேல் வைத்திருந்தேன். வைஷ்ணவி எடுத்துப் படித்துவிட்டாள். சாப்பிடும்போது, "ஏம்மா, பாட்டியா சித்தியை அனுப்பிச்சாங்க?" என்று கேட்டாள். "ஆமா" என்று சொல்லிவிட்டேன். சுவரில் மாட்டியிருக்கிற அம்மா படத்தை ஒருமுறை பார்த்துவிட்டுக் குனிந்து சாப்பிட்டாள்.

அம்மா இல்லை ஆயி. நான்தான்.

மாமாவுக்கு முன்னால் இரண்டு வரன் தட்டிப்போனது உனக்குத் தெரியும். ஏன் என்று தெரியாது. இரண்டு தடவையும் நீதான் காபி கொண்டுவந்தாய். "தங்கச்சி இந்த நிறம்னா, நாளைக்கு இவளுக்குப் பொறக்கிறது எப்படி இருக்குமோ" என்று தரகரிடம் சொல்லியனுப்பினார்கள். மூன்றாவது தடவை அம்மாவிடம் சொன்னேன், "அவ வீட்டுல இருந்தா நான் ரூமை விட்டு வெளியே வரமாட்டேன்." அம்மா அழுதாள். "அவளும் என் வயித்துல பொறந்தவதாண்டி" என்றாள். நான் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். அதற்குப் பிறகுதான் உன்னைக் கூப்பிட்டுக் காசு கொடுத்தாள்.

வைஷ்ணவி பிறந்து பஞ்சில் சுற்றிக் கொடுத்தபோது நான் முதலில் பார்த்தது காது மடலின் நிறத்தைத்தான். மூன்று மாதம் கடலைமாவும் பாலேடும் போட்டுத் தேய்த்தேன். பிள்ளை தோல் தடித்துக் கத்தும். ஒருநாள் அம்மா என் கையிலிருந்து பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு போனாள்.

உன்னிடம் சொல்லிவிடுகிறேன் என்று அம்மா எத்தனையோ முறை சொன்னாள். "இப்ப எதுக்கு, அவளே மறந்திருப்பா" என்று நான்தான் தடுத்தேன். வைஷ்ணவியிடம் நேற்று உண்மையைச் சொல்லிவிட்டேன். அதிலிருந்து என்னோடு சரியாகப் பேசவில்லை. அந்த வரனுக்கும் வேண்டாமென்று சொல்லிவிட்டேன்.

ஏதாவது எழுது. திட்டியாவது எழுது.

உன் அக்கா

◆

27.4.2025

அக்கா,

கடிதம் கிடைத்தது.

இங்கே அந்த வரியை மூன்று தாளிலும் அடித்துவிட்டார்கள். இருந்தாலும் என்னால் அந்த மாடிப்படி ஏற முடியவில்லை. அடுத்த மாதம் வேறு ஊரில் ஒரு ஆஸ்பத்திரிக்கு மாறுகிறேன். மெர்சியும் வருகிறாள், இரண்டு பேருமாக ஒரு வீடு பார்த்திருக்கிறோம். புது விலாசத்தை வைஷ்ணவிக்குச் சொல்கிறேன். அவள் எனக்குத் தனியாக ஒரு கடிதம் போட்டிருந்தாள். அதில் என்ன இருந்தது என்று அவளிடம் கேட்காதே, அது எனக்கு எழுதியது.

உன்னைத் திட்ட எனக்கு வரவில்லை. அப்போது உனக்கும் இருபத்துமூன்று வயதுதான். இரண்டு தடவை வேண்டாமென்று சொல்லக் கேட்டவள் நீ. அதெல்லாம் எனக்குப் புரிகிறது. புரிந்தும் ஒன்று நெஞ்சை விட்டு இறங்க மறுக்கிறது, அதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

அம்மாவுக்குக் கடைசி வாரம் நான் வேலை பார்த்த வார்டிலேயே படுக்கை கிடைத்தது. நான்தான் மருந்து கொடுத்தேன், துடைத்துவிட்டேன், துணி மாற்றினேன். எல்லோருக்கும் செய்வதுபோலச் செய்தேன். ஒருநாள் சாயங்காலம், நீ வீட்டுக்குப் போயிருந்தாய், அம்மா என் கையைப் பிடித்தாள். "ஆயி, ஒண்ணு சொல்லணும்டி" என்றாள். நான் டிரிப்பைச் சரிபார்ப்பதுபோல் மெதுவாகக் கையை உருவிக்கொண்டேன். "அப்புறம் சொல்லும்மா, ரவுண்ட்ஸ் இருக்கு" என்றேன். ரவுண்ட்ஸ் ஒன்றும் இல்லை. வெளியே வராந்தாவில் போய் நின்றேன்.

மாமாவை விசாரித்ததாகச் சொல். ஞாயிற்றுக்கிழமைகளில் வைஷ்ணவியைக் கூப்பிடுகிறேன், அப்போது போனை அவளிடம் கொடுத்துவிடு. நீ எழுதினால் வாங்கிப் படிப்பேன். பதிலை மட்டும் எதிர்பார்க்காதே.

இருளாயி