என் முழங்காலுக்கு ஒன்றும் இல்லை

மே 6, செவ்வாய்
காலையிலிருந்து மழை.

என் முழங்காலுக்கு ஒன்றும் இல்லை. சனிக்கிழமை ரெனிஸில் இரண்டு செற் விளையாடி இரண்டும் வென்றோம். படியில் கைபிடி தொடாமல் இறங்குகிறேன். போன பனிக்காலம் முழுவதும் வாசல் பனி உருக உப்புப் போட்டது நான்தான். இதையெல்லாம் எழுத வைத்தவள் கோயிலில் பழக்கமான தேவி. இன்று தமிழ்க்கடையில், மீன் வெட்டும் இடத்தில், எல்லாருக்கும் கேட்கும்படி:

"அன்ரி, முழங்கால் சரியில்லையாம். இத்தாலிக்குப் போகேல்லையாமே? பாவம்."

போகவில்லை என்று நான் யாரிடமும் சொன்னதில்லை.

"ஆர் சொன்னது?"

"விமலா அக்காதான். கோயில்ல எல்லாருக்கும் தெரியுமே."

எல்லாருக்கும். என்னைத் தவிர.

விளைமீன் வாங்கப் போனவள் கத்தரிக்காயுடன் திரும்பினேன். பிரஷர் மாத்திரை முடிகிறது. நாளை எடுக்க.

மே 7, புதன்
வெயில். காற்றுக் குளிர்.

ஆத்திரத்தில் ஒன்றும் செய்யக்கூடாது. நடந்ததை முறையாக:

ரெனிஸ் குழு. எல்லாரும் தமிழர், ஓய்வெடுத்தவர்கள் அல்லது எடுக்கப்போகிறவர்கள். விளையாடுவது கோடையில் பூங்காக் கோட்டில், பனிக்காலத்தில் கூடாரம் போட்ட கோட்டில். செப்டெம்பரில் ஒரு கிழமை இத்தாலி நாட்டுப்புறத்துக்குப் போகலாம் என்பது விமலாவின் கணவர் சிவபாலனின் யோசனை. பழைய தோட்டவீடு, செம்மண் கோட் இரண்டு, காலையில் பயிற்சி, சுற்றிவர ஒலிவ் மரங்கள்.

யோசனை மட்டும்தான் அவருடையது. மற்றதெல்லாம் நான். சிவபாலன் ஆங்கிலம் நன்றாகப் பேசுவார், எழுதினால் வசனத்துக்குத் தலையும் இல்லை வாலும் இல்லை. வீட்டுக்காரிகளுக்கு எழுதிக் கேட்டதும், நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில் இருந்த இடத்தைத் தள்ளியதும், இந்த வீட்டைத் தேர்ந்ததும் நான். மேல்மாடி அறை, கோட்டைப் பார்த்த ஜன்னல், எனக்கும் றெஜினாவுக்கும். டபிள்ஸில் அவள்தான் என் ஜோடி, பல வருடமாக. அவள் வலைக்கு அருகே, நான் பின்னால். அவள் பந்தோடு கதைப்பாள், நான் கதைப்பதில்லை.

கொன்வென்றில் படித்தபோது எங்களுக்குச் சீமெந்துக் கோட். முக்கல் சத்தத்தோடு அடித்தால் சிஸ்டர் ரக்கெற்றைப் பறித்துவிடுவார். செம்மண்ணில் இன்றுவரை விளையாடியதில்லை. என்னுடைய இவர் இருந்தபோது முதலில் வேலை, பிறகு அவருடைய நோய். இவர் காலமாகி மூன்று வருடம்.

செம்மண்ணுக்கென்று அடிப்பாகம் வரிவரியாக வெட்டிய சப்பாத்து வாங்கி வைத்திருக்கிறேன். பெட்டியில். ஒருமுறை கம்பளத்தில் போட்டு நடந்து பார்த்தேன்.

றெ. போனை எடுக்கவில்லை. போனை எடுக்காத ஆள் அல்ல அவள்.

மே 9, வெள்ளி
மேகமூட்டம். மாத்திரை எடுத்தாயிற்று.

சிவபாலன் போன்.

"அக்கா, எப்பிடி? முழங்கால்..."

"சுகமா இருக்கு. சொல்லுங்கோ."

"ஒரு சின்ன உதவி. அந்த இத்தாலி மனுசிக்கு ஒரு ஈமெயில் போடவேணும். நீங்கள் எழுதினா அவ மாட்டன் எண்டு சொல்லமாட்டா."

"என்ன கேக்கிறது?"

"முற்றத்தில ஒரு சின்ன நெருப்பு மூட்டலாமோ எண்டு. ஒரு மணித்தியாலம்தான். புகை பெரிசா வராது."

"பாபெக்யூவோ?"

"இல்லை அக்கா. ஓமம்."

அவருக்கும் விமலாவுக்கும் அறுபதாம் கலியாணமாம். கடைசி நாள் காலையில், ஒலிவ் மரத்தடியில், சுவிஸிலிருந்து ஐயர் ரெயிலில் வந்து நடத்துவாராம். எங்கள் ஆட்களிடம் இது பெரிய வழக்கமாக இருந்ததில்லை. இங்கே வந்து டிவி பார்த்துப் பழகியது.

"நல்ல விசயம்," என்றேன். "அண்டைக்கு நான் எங்கை நிக்கிறது?"

அவருக்குப் பின்னால் விமலாவின் குரல், தணிந்து: "முழங்கால் எண்டு சொல்லுங்கோவன்."

"அக்கா, நான் உதெல்லாம் பாக்கிற ஆள் இல்லை," என்றார். "மாமிதான்... தாலி கட்டுற இடம். உங்களுக்கும் ஒரு சங்கடம் வரக்கூடாது எண்டுதான்."

"மாமியும் இத்தாலிக்கு வாறாவோ?"

"இல்லை இல்லை. அவ இங்க பிக்கரிங்கிலதான்."

பிக்கரிங்கில் நாற்காலியில் இருந்தபடியே அந்த மனுசியால் இத்தாலியில் ஒரு முற்றத்திலிருந்து என்னை எழுப்ப முடிகிறது.

ஈமெயில் எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். பழக்கம்.

மே 11, ஞாயிறு
அன்னையர் தினம். நல்ல வெயில்.

மிசிசாகாவிலிருந்து மகன் அரவிந்தன், பேத்தியுடன். ரோஜா, தித்திப்பு மிகுந்த கேக். மருமகளுக்கு வேலை.

பேத்தி உள்ளே வந்ததும், "அப்பம்மா, டாட் செட் யூ ஃபெல்." இப்போது நான் விழுந்தும் விட்டேன். அடுத்த கிழமை செத்திருப்பேன்.

விமலா போன மாதமே அரவிந்தனுக்குப் போன் எடுத்திருக்கிறாள். இவன் தலையாட்டியிருக்கிறான்.

"அம்மா, அவை உங்கட நல்லதுக்குத்தான் சொன்னவை. அங்க விழுந்தா எந்த ஆஸ்பத்திரி? சோ ஐ செட் ஓகே."

"ஆரைக் கேட்டு?"

கேக் வெட்டினான்.

ஓமத்தைப் பற்றிச் சொன்னேன். அது அவனுக்குத் தெரியாது. முகம் கொஞ்சம் மாறியது. பிறகு, "லெற் இற் கோ, அம்மா. நாங்கள் உங்களைக் குறூஸ் கூட்டிக்கொண்டு போறம்."

கப்பலில் ஏறி நாள் முழுவதும் சாப்பிடுவதற்கு. வேண்டாம் என்றேன். ரோஜாக்களுக்குச் சாடி போதவில்லை, தோடம்பழ யூஸ் போத்தலில் வைத்தேன்.

மே 13, செவ்வாய்
உடுப்புத் தோய்த்தல். கோயில் மலரில் ஐந்து எழுத்துப் பிழை, தலைவருக்குச் சொல்ல.

றெ. வந்தாள். மீன் பற்றிஸ் கொண்டு வந்தாள். குற்றமுள்ள நேரத்தில் பொரித்த சாமானுடன் வருவாள், எப்போதும் அப்படித்தான்.

"உனக்குத் தெரியும்," என்றேன்.

"தெரியும்."

"எப்ப இருந்து?"

"ஈஸ்டருக்கு முதலே."

சப்பாத்து வாங்க என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு போனது ஈஸ்டருக்குப் பிறகு. கடையில் குந்தி லேஸ் கட்டிவிட்டவள். "உந்த நிறம் உனக்கு எடுப்பா இருக்கு" என்றவள்.

"நான் விளையாடத்தானே போறன், பரமேஸ். அவையின்ர ஓமம் எனக்கென்னத்துக்கு?"

"உன்னை வரவேண்டாம் எண்டு சொல்லேல்லையோ?"

"என்னை ஏன்?"

என்னை ஏன். றெஜினாவின் கணவர் இவருக்கு முதலே போனவர். சேர்ச்சில் அவருடைய மரணப் பூசையில் முன்வாங்கில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தவள் நான். ஆனால் அவள் வேதக்காரி. அவள் நெற்றியில் பொட்டு என்றைக்கும் இருந்ததில்லை. அதனால் கணவர் போனது நெற்றியைப் பார்த்து யாருக்கும் தெரியவில்லை. நான் சைவம். கொன்வென்ற் எனக்கு ஆங்கிலமும் பாக்ஹாண்ட் அடியும் தந்தது, அதற்கு மேல் நான் எடுத்துக்கொள்ளவில்லை.

இதை அவளுக்கு இந்தச் சொற்களிலேயே சொன்னேன். கையில் இருந்த பற்றிஸைத் தட்டில் வைத்தாள்.

"நான் உதை யோசிக்கேல்லை."

"இப்ப யோசி."

விரல்களைத் துடைத்துவிட்டு, "அப்ப நானும் போகாமல் விடட்டோ?"

அவள் அதை ஈஸ்டருக்கு முதல் கேட்டிருந்தால் "போ" என்று நானே சொல்லியிருப்பேன்.

போகும்போது, "விமலாவோட எப்பிடி விளையாடுறது? அவளுக்குச் சேர்வே விழாது," என்றாள். சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

பற்றிஸ் நன்றாக இருந்தது. அதுவும் எரிச்சல்.

மே 15, வியாழன்
இடி, பிறகு வெயில்.

செவ்வாய் மாலை இத்தாலிக்கு எழுதினேன். "புனித நெருப்பு" என்று எழுதாமல், சிறிய குடும்பச் சடங்கு, மரம் எதற்கும் ஆபத்தில்லை என்று எழுதினேன். இன்று சம்மதம் வந்தது. "அன்புள்ள மிஸிஸ் நடராசா" என்று தொடங்கி, எங்களுடைய மேல்மாடி அறைக்குப் புதுத் திரை போட்டிருப்பதாகவும் சேர்த்திருந்தாள்.

சிவபாலனுக்குப் போனில் சொன்னேன். நன்றி, நன்றி. பிறகு:

"அக்கா, இன்னும் ஒரு சின்ன உதவி. அந்த மேல் அறை... உங்கட பேரை எடுத்திட்டு விமலாவின்ர தங்கச்சியின்ர பேரைப் போட்டு..."

"நானோ எழுதுறது?"

"உங்களுக்குத்தானே அந்த மனுசியைப் பழக்கம்."

போனை வைத்துவிட்டேன். வாழ்க்கையில் யாருடைய போனையும் இப்படி வைத்ததில்லை.

மே 16, வெள்ளி
வானம் தெளிவு. கோட் காய்ந்திருக்கும். போகவில்லை.

சிவபாலனுக்குக் கடிதம். நாளை தபாலில். பிரதி இங்கே:

தம்பி சிவபாலனுக்கு,

ஓமத்துக்கு அனுமதி கிடைத்துவிட்டது. கோட்டுக்கு அப்பால், சரளைக்கல் போட்ட இடத்தில். பக்கத்தில் தண்ணீர் வாளி வைத்திருக்கவேண்டும். உங்கள் சார்பில் நன்றியும் எழுதிவிட்டேன்.

உங்கள் சடங்கில் முன்னுக்கு வந்து நிற்கும் எண்ணம் எனக்கு இருந்ததில்லை. என் சமயத்தை உங்கள் மாமி அளவுக்கு நானும் அறிவேன். அந்த ஒரு மணித்தியாலம் நான் கோட்டில் தனியாகச் சேர்வ் பழகியிருப்பேன். என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அதை அன்றே சொல்லியிருப்பேன். நீங்கள் என் மகனைக் கேட்டீர்கள், என் சிநேகிதிக்குச் சொன்னீர்கள், கோயிலுக்கும் சொன்னீர்கள்.

அறையில் என் பெயர் இன்னும் இருக்கிறது. எடுக்க வேண்டுமானால் அந்த அம்மாவுக்கு நான் காரணம் எழுதவேண்டும். முழங்கால் என்று எழுதமாட்டேன். எந்தக் காரணத்துக்காக நான் வரக்கூடாது என்பதை நீங்களும் விமலாவும் தமிழில் எழுதி, இருவரும் கையெழுத்து வைத்து அனுப்புங்கள். ஒரு சொல்லும் குறைக்காமல் நல்ல ஆங்கிலத்தில் மாற்றி அனுப்பிவைக்கிறேன். அப்படி எழுத உங்களால் முடியாவிட்டால், நானும் இத்தாலிக்கு வருவேன் என்பதை எழுதித் தாருங்கள்.

போன் எடுக்கவேண்டாம். பதிலை எழுத்தில் தரவும்.