பாலாற்று முதலை எழுதும் கடிதம்

ஆம்பூர்,
தவக்காலம் ஐந்தாம் வாரம், திங்கட்கிழமை.

அன்புள்ள ஜாஸ்மினுக்கு,

மாதாவின் தயவில் இங்கே நானும் உன் அப்பாவும், என் முழங்கால் வலியும் சேர்த்து, எல்லோரும் சுகம். நீ சுகமா என்று கேட்கப்போவதில்லை, உன் பெயருக்குக் கீழே எந்நேரமும் ஆன்லைன் என்று காட்டுகிறதே, அதைவிடவா சாட்சி வேண்டும். போனில் அனுப்பினால் நீல டிக் போட்டுவிட்டு அப்புறம் பார்க்கறம்மா என்று போய்விடுவாய், அதனால் தபாலில் எழுதுகிறேன். தாளுக்கு மியூட் கிடையாது.

முதலில் உன் ஞாயிற்றுக்கிழமை டூட்டி. பாவம் பிள்ளை, ஞாயிறு முழுக்க ஆஸ்பத்திரி வார்டிலேயே நிற்கிறது, அம்மாவைக் கூப்பிட ரெண்டு நிமிஷம் கிடைப்பதில்லை என்று நானும் உனக்காகத் தனியாக ஒரு ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் பக்கத்து வீட்டு சோபனா காலேஜ் விட்டு வந்து, ஆன்ட்டி, ஜாஸ்மின் அக்கா ஸ்டேட்டஸ் பாத்தீங்களா என்று காட்டினாள். ஞாயிறு உங்கள் ஊர் பகல் பன்னிரண்டு மணிக்கு, நம் ஊர் சாயந்திரம் ஐந்தரைக்கு, சினிமா, சீரியல் கண்டுபிடிக்கும் விளையாட்டு, யார் வேண்டுமானாலும் வரலாம், கீழே லிங்க். அந்த வார்டில் படம் காட்டித்தான் வைத்தியம் பார்க்கிறார்கள் போலிருக்கிறது. யார் வேண்டுமானாலும் என்று நீயே அழைத்த பிறகு வராமல் இருந்தால் மரியாதையாக இருக்காது என்று நானும் வந்தேன். லிங்கைத் தட்டியதும் பெயர் கேட்டது. சுந்தரி என்று போட்டால் நீ ஓடிவிடுவாய் என்று சோபனா பாலாற்று முதலை என்று போட்டாள். ஆற்றில் தண்ணியே இல்லியே, முதலை எங்கிருந்துடி வரும் என்றேன். அதான் ஆன்ட்டி, யாரும் கண்டுபிடிக்க மாட்டாங்க என்றாள். ஆமாம், ஐந்து வாரமாக உங்கள் எல்லோரையும் தோற்கடிக்கிற அந்த முதலை உன்னைப் பெற்றவள்தான். தண்ணீர் குடித்துவிட்டு மேலே படி.

தவக்காலம் முடியும்வரை சீரியல் பார்ப்பதில்லை என்று நேர்ந்திருக்கிறேன், உனக்கே தெரியும். பார்க்கக் கூடாது என்றுதானே நேர்ந்தேன், பதில் சொல்லக் கூடாது என்று நேரவில்லையே என்று பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் கேட்டேன். தட்டிக்கு அந்தப் பக்கம் அவர் சிரிப்பை அடக்குவது கேட்டது. ஜெயித்தால் பெருமைப்படாதீங்க என்று மட்டும் சொன்னார். நான் பெருமைப்படவில்லை, நோட்டில் எழுதி வைப்பதோடு சரி. ஐந்து வாரத்தில் முதலை அறுபத்தொன்று, நீ முப்பத்தெட்டு.

முறை வைத்துக் கேள்வி போடுகிறீர்களே, போன மாதம் உன் தோஸ்த் தமிழ்வேந்தன் ஏழரை மணி சீரியலில் மூத்த மருமகளாக நடித்தவர் எத்தனை தடவை மாறினார் என்று கேட்டான். இரண்டு என்பது அவன் கண்ட சத்தியம். மூன்று. மூன்றாவதாக வந்த பெண் பதினொரு நாள்தான் நடித்தாள், கல்யாணம் ஆகிப் போய்விட்டாள், வந்த தேதியும் போன தேதியும் என் நோட்டில் இருக்கிறது. சோபனா அதை எழுதிப் போட, எல்லோரும் சிரித்தார்கள். நீ மட்டும், முதலை சொன்னா கரெக்டா இருக்கும்டா, செக் பண்ணிப் பாரு என்றாய். இருபத்தெட்டு வருஷத்தில் நான் சொன்னது சரி என்று உன் வாயால் கேட்டது அன்றுதான். அதற்கு நான் முதலையாக வேண்டியிருந்தது.

சரி, சிரித்தது போதும், இனி உன் அப்பா விஷயம். கிறிஸ்துமஸ் அன்று வீடியோவில் உன்னோடு நின்ற பெண்ணின் பூட்ஸைப் பார்த்துவிட்டு இது அசல் தோல் இல்லை என்று அவர் சொல்ல ஆரம்பித்தார். எங்க அப்பாவுக்கு ஷூவத் தவிர இன்னா தெரியும் என்று நீ சொன்னாய், எல்லோரும் சிரித்தார்கள். நீ மறந்திருப்பாய். அவரும் சிரித்துவிட்டுத்தான் போனை என்னிடம் கொடுத்தார். அன்றிலிருந்து நீ கூப்பிட்டால் குளிக்கப் போய்விடுகிறார். இப்போது ஆம்பூரிலேயே சுத்தமான மனுஷன் உன் அப்பாதான். ஷூ கம்பெனி கட்டிங் செக்‌ஷனில் முப்பத்தொரு வருஷம் நின்று உன்னை நர்ஸ் ஆக்கியவருக்கு வேறு என்ன தெரிந்திருக்கும் சொல், தெரிந்துகொள்ள நேரம் எங்கே இருந்தது.

ஆனால் ஞாயிறு ஐந்தரைக்கு மட்டும் அவருக்குக் குளியல் கிடையாது. சார்ஜரைத் தேடி அறைக்குள் வருவார், அப்புறம் கண்ணாடியைத் தேடி வருவார், அது அவர் மூக்கிலேயே இருக்கும். போனில் நீ சிரிக்கிற சத்தம் ஒரு தடவை கேட்டுவிட்டால் தேடின பொருள் கிடைத்துவிடும், போய்விடுவார். நேற்றும் அப்படி வந்து நின்றார். படிக்கட்டில் ஏறுகிற இரண்டு கால் மட்டும் தெரிகிற படத்தைப் போட்டு, எந்தப் படம் என்று கேட்டான் தமிழ்வேந்தன். உங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. பின்னாலிருந்து உன் அப்பா, இடது குதிகால் வெளிப்பக்கமா தேஞ்சிருக்குது பாரும்மா, அந்த நடிகன் ஒருத்தன்தான் அப்படிச் சாய்ச்சு நடப்பான், ரெண்டு பக்கிள் வெச்ச ஷூவ அவன் ஒரு படத்துலதான் போட்டான் என்று சோபனாவிடம் படத்தின் பெயரைச் சொன்னார். அவள் அப்படியே ஒரு வார்த்தை விடாமல் எழுதிப் போட்டாள். அதற்கு நீ என்ன சொன்னாய் என்று நினைவிருக்கிறதா? யாருங்க நீங்க, ஷூவ வெச்சே படத்த சொல்றீங்க, உங்ககிட்ட நான் கத்துக்கணும் என்றாய்.

அதைக் கேட்டதும் உன் அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போய் எனக்கு நாலு முழம் மல்லிகைப்பூ வாங்கிக்கொண்டு வந்தார். தவக்காலத்தில் நான் பூ வைப்பதில்லை என்பது கட்டிக்கொண்டு இத்தனை வருஷமாகியும் அவருக்குத் தெரியாது. வாங்கி மாதா படத்துக்குச் சாத்தினேன். ராத்திரி சாப்பிடும்போது, அடுத்த வாரமும் கால் படம் வருமா என்று தோசையைப் பார்த்துக் கேட்டார்.

இந்தக் கடிதம் உன் கைக்கு வர பத்துப் பதினைந்து நாளாகும். அடுத்து கேள்வி கேட்க உன் முறை எப்போது வருகிறதோ அந்த ஞாயிறு நீ போடவேண்டிய கேள்வியை நான் சொல்கிறேன். சின்ன வயதில் நீ முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மைக்கு, கம்பெனி மிச்சத் தோலில் அவரே உனக்குத் தைத்துக் கொடுத்த வெள்ளை ஷூ. வெளிநாடு போகும்போது நான் கட்டிவைத்த ஊறுகாயை எடுத்து வெளியே வைத்துவிட்டு அதைத்தானே பெட்டியில் வைத்தாய், எனக்குத் தெரியாது என்று நினைத்தாயா. தோல் பற்றாமல் இடது கால் வார் ஒரு விரல் குட்டையாக இருக்குமே, அது தெரிகிற மாதிரி ஒரு படம் பிடித்துப் போடு. உன் தோஸ்துகள் எல்லாம் ஏதேதோ சினிமா பெயர் சொல்லட்டும். முதலை பதில் சொல்லாது. அப்போது நீ எங்கள் நம்பருக்குக் கூப்பிடு.

வெள்ளிக்கிழமை கறி சாப்பிடாதே. குளிருக்குக் காதை மூடிக்கொள். கட்டிலுக்கு மேலே மாட்டின சிலுவையில் துணி காயப்போடுவதை நிறுத்து, வீடியோவில் பார்த்தேன். இயேசுவும் மாதாவும் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும். கூப்பிட மறந்துவிடாதே, அன்று ஐந்து மணிக்கே மோட்டாரை நிறுத்திவைக்கப் போகிறேன், குழாயில் சொட்டுத் தண்ணீர் வராது. அவருக்குக் குளிக்க வழியில்லை.

இப்படிக்கு,
உன் அம்மா சுந்தரி இருதயராஜ்
(முதலையில் பாதி)