திராட்சைத் தோட்டத்துக்கு நீ வராத வருடம்

அன்பு உஷாவுக்கு,

இரண்டு நாளும் நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். ஒன்றையும் மறைக்க மாட்டேன், கூட்டியும் சொல்ல மாட்டேன். நம் தமிழ்ச் சங்கத்துக் கையெழுத்துப் பத்திரிகைக்கு இந்தப் பிக்னிக் பற்றி ஒரு கட்டுரை வேண்டும் என்று அப்பா கேட்டிருக்கிறார். "ஜாலியா எழுதும்மா. உஷா பேச்சு வேண்டாம்" என்றும் சொன்னார். உன் பேச்சு இல்லாமல் அந்தத் தோட்டத்தைப் பற்றி எப்படி எழுதுவது? அதனால் உனக்கே எழுதுகிறேன். சங்கத்தில் எல்லோரும் படித்துக்கொள்ளட்டும்.

போன வருட லீவில் திருச்சியில் உனக்கு மஞ்சள் காமாலை வந்து, நீ திரும்பி வராமலே போன பிறகு, உன் அப்பா அபுதாபியில் வேலை தேடிக்கொண்டார். துபாய் தேராவில் இனி இருக்க முடியாது என்று சொல்லிவிட்டாராம். உங்கள் ஃப்ளாட்டுக்கு வேறு குடும்பம் வந்துவிட்டது. நாம் பால்கனியிலிருந்து பால்கனிக்குப் புத்தகம் தூக்கிப் போட்டுப் பிடித்த இடத்தில் இப்போது ஒரு சைக்கிள் நிற்கிறது. அதில் யாரும் ஏறி நான் பார்த்ததில்லை.

உன் வீட்டாரை அதற்குப் பிறகு நாங்கள் பார்க்கவே இல்லை. இந்த வியாழக்கிழமைதான் முதல் தடவை. வழக்கம்போல காதர் மாமா பார்த்துக்கொள்ளும் தோட்டம்தான், அவருக்கு விசா கொடுத்த அரபி கஃபீலுடையது, ராஸ் அல் கைமா மலையடிவாரம். மதியம் ஸ்கூல் விட்டதும் கிளம்பினோம். ஷார்ஜா தாண்டியதும் அம்மா முன் சீட்டிலிருந்து திரும்பினாள்.

"இங்க பாரு வசந்தி. கலாகிட்ட அவ அக்கா உஷா ஊட்டி ஹாஸ்டல்ல படிக்கிறான்னு சொல்லி வச்சிருக்காங்க. நீ பாட்டுக்கு எதையாவது உளறிடாதே."

"யார் அப்படிச் சொன்னது?"

"எல்லாரும் போன்ல பேசித்தான் முடிவு பண்ணோம். சின்னக் குழந்தை, தாங்குமா?"

"எல்லாரும்னா? நாமளுமா?"

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்பா ரேடியோவைத் திருக ஆரம்பித்தார். பாலைவனத்தில் அதில் இரைச்சல் மட்டும்தான் வந்தது. ஆனாலும் திருகிக்கொண்டே இருந்தார்.

இந்த ஊரில் இப்படி ஒரு பொய் சொல்வது எவ்வளவு சுலபம் என்று யோசித்தாயா? ஒவ்வொரு லீவுக்குப் பிறகும் நம் வகுப்பில் யாராவது ஒருத்தர் வரமாட்டார்கள். ஊட்டியில் சேர்த்துவிட்டார்கள், ஏற்காட்டில் சேர்த்துவிட்டார்கள் என்பார்கள். நாமும் சரி என்று டெஸ்க்கில் தள்ளி உட்கார்ந்துகொள்வோம். நீ ஆஸ்பத்திரியில் இருந்தபோது கலாவை மதுரையில் உன் சித்தி வீட்டில் விட்டிருந்தார்கள். அவள் எதையும் பார்க்கவில்லை. ஊருக்குப் போன அக்கா ஊரிலேயே தங்கிவிட்டாள், அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும்.

தோட்டம் அப்படியே இருக்கிறது. பேரீச்சை மரங்கள், பம்ப் ரூம், நாம் குதித்துக் குளித்த தொட்டி, அதன் பக்கத்தில் திராட்சைப் பந்தல். இந்த வருடம் நல்ல காய்ப்பு. காதர் மாமா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார்.

"வாங்க, வாங்க! எங்கே நம்ம வைன் கம்பெனி பார்ட்னர்..."

பாதியிலேயே நிறுத்தி, தொண்டையைச் செருமிக்கொண்டு, ஐஸ் பெட்டியை இறக்கப் போய்விட்டார். பாவம், அவர் வேண்டுமென்று சொல்லவில்லை. போன வருடம் நமக்கு அவர் வைத்த பேர்தானே அது? வெளிநாட்டில் திராட்சையைக் காலால் மிதித்துத்தான் வைன் செய்வார்கள் என்று நான் லைப்ரரிப் புத்தகத்தில் படித்ததைச் சொன்னேன். நீ உடனே அவருடைய துணி துவைக்கும் டப்பை எடுத்து வந்துவிட்டாய். "அடி புள்ளைவளா! அரபி வீட்டுத் தோட்டத்துல வைனா? கஃபீல் காதுல விழுந்தா என் விசா கலாஸ்!" என்று அவர் தலையில் கை வைத்துக்கொண்டு கத்தினார். அவர் அந்தப் பக்கம் போனதும் நாம் மிச்சச் சாற்றை ஸ்குவாஷ் பாட்டிலில் ஊற்றிப் பந்தலடியில் புதைத்தோம். உன் குதிகால் சனிக்கிழமை ஸ்கூலுக்குப் போனபோதும் ஊதாவாக இருந்தது. பாட்டிலை அடுத்த வருடம் திறக்கலாம் என்றாய். அந்த இடம் உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன். கலாவிடமும் சொல்லியிருக்கிறாய்.

வெள்ளிக்கிழமை காலையில் ஆண்கள் சீட்டாட உட்கார்ந்தார்கள். அம்மாவும் உன் அம்மாவும் பிரியாணிக்கு வெங்காயம் உரித்தார்கள். கலா பந்தலடியில் ஒரு கரண்டியை வைத்துத் தோண்டிக்கொண்டிருந்தாள். உயரமாகிவிட்டாள் உஷா. உன் நீலக் கவுன் அவளுக்கு இப்போது சரியாக இருக்கிறது. நான் போய்ச் சேருவதற்குள் பாட்டிலை எடுத்துவிட்டாள்.

"அக்கா வந்ததும் திறக்கலாம், வச்சிருன்னு அம்மா சொன்னாங்க" என்றாள்.

"சரி, வச்சிடு."

"வைக்க மாட்டேன். அவ ஒண்ணும் வரமாட்டா." பாட்டிலைப் பம்ப் ரூம் சுவரில் ஓங்கி அடித்தாள். ஒரே புளித்த நாற்றம். "அவளுக்கு ஊட்டிதான் பிடிச்சிருக்கு. புது ஃப்ரெண்ட்ஸ் கிடைச்சுட்டாங்க. ஒரு லெட்டர் கூடப் போடல. என் பர்த்டேக்குக் கூடப் போடல. ஐ ஹேட் ஹர், வசந்திக்கா. வந்தா நான் பேசவே மாட்டேன்."

அவள் தாங்கமாட்டாள் என்று இவர்கள் சொன்ன பொய், உன்னை எப்படி ஆக்கி வைத்திருக்கிறது பார்! நீ அவளை விட்டுவிட்டு ஓடிப்போனவளாகிவிட்டாய். உனக்கு நாங்கள் எல்லோரும் சேர்ந்து செய்த துரோகம் இது.

நேராக உன் அம்மாவிடம் போனேன். "ஆன்ட்டி, கலா உஷாவை வெறுக்கிறா" என்றேன்.

கத்தி நின்றது. அம்மா எழுந்து என் கையைப் பிடித்து இழுத்தாள். "பெரியவங்க விஷயத்துல உனக்கென்னடி வேலை?"

"விடுங்க" என்றார் ஆன்ட்டி. வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார். "ஆஸ்பத்திரில கடைசி வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தாம்மா. கலாவைக் கூட்டிட்டு வா, கலாவைக் கூட்டிட்டு வான்னு. தொத்திக்கும்னு பயந்து நாங்க கூட்டிட்டுப் போகல. இப்ப இவகிட்ட உண்மையைச் சொன்னா, ஏன் என்னைக் கூட்டிட்டுப் போகலைன்னு கேப்பாளே. நான் என்ன பதில் சொல்வேன்?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கலா தாங்கமாட்டாள் என்பதற்காக மட்டும் சொன்ன பொய் இல்லை அது.

அப்பாவிடம் போனேன். பார்த்ததைப் பார்த்தபடி எழுது என்று எனக்குப் பேனா வாங்கிக் கொடுத்தவர் அவர்தானே. சீட்டைக் கையில் விசிறியாகப் பிடித்தபடி, "கொஞ்சம் பெரியவளாகட்டும், பார்த்துக்கலாம்" என்றார். உன் அப்பா தலையைக் குனிந்துகொண்டார். காதர் மாமா மட்டும், "புள்ள சொல்றதுல நாயம் இருக்கு சார்" என்றார். ஆட்டம் தொடர்ந்தது.

பிரியாணி நன்றாக இருந்ததாம். எனக்கு ருசி தெரியவில்லை.

சாயங்காலம் கிளம்பும்போது ஆன்ட்டி எங்கள் கார் ஜன்னலில் கை வைத்து நின்றார். "லீவு விட்டதும் கலாவைக் கொஞ்ச நாள் உங்க வீட்டுல விடறேன் வசந்தி. நீ பேசினா கேட்டுப்பா" என்றார். பிறகு குரலைத் தணித்து, "எல்லாத்தையும் பேசு" என்றார். தான் சொல்ல வேண்டியதை என் தலையில் வைத்துவிட்டார். கோபம் வந்தது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தபோது முடியாது என்று சொல்ல வரவில்லை.

கலாவுக்கு இன்னும் தமிழ் வாசிக்கத் தெரியாது. அதனால் இந்தக் கடிதம் அவளுக்கு முன்னால் பெரியவர்கள் கைக்குப் போகட்டும். தங்களைப் பற்றித் தாங்களே படிக்கும்போது எப்படி இருக்கிறது என்று அவர்களும் பார்க்கட்டும்.

உஷா, உனக்கு ஒரு சத்தியம். கலா வந்ததும் பால்கனியில் உட்கார வைத்துச் சொல்லுவேன். உன் அக்கா உன்னை விட்டுவிட்டுப் போகவில்லை, கடைசி வரைக்கும் உன்னைத்தான் கேட்டாள் என்று. அழுதால் கூடவே இருப்பேன். ஏன் என்னைக் கூட்டிப் போகவில்லை என்று கேட்டால், அவர்கள் பயந்துவிட்டார்கள் என்று அதையும் சொல்லுவேன். அடுத்த வருடம் பந்தலடியில் வேறு பாட்டில் புதைப்போம். அதை நீ வந்து திறப்பாய் என்று யாரும் சொல்லமாட்டோம்.

இப்போது அப்பா வந்து என் தோளுக்குப் பின்னால் நின்று இதுவரை படித்தார். ஏதோ சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன். பேனாவைப் பிடுங்கவில்லை, தாளையும் எடுக்கவில்லை. போகும்போது லைட்டை மட்டும் அணைத்துவிட்டார். நான் நிறுத்தவில்லை. கையெழுத்தைத் தெருவிளக்கு வெளிச்சத்தில்தான் போடுகிறேன்.

உன் தோழி, இனி கலாவுக்கு அக்கா,
வசந்தி